ஆஃப்செட் மெஷினுக்கு ஐ.சி.சி. புரொஃபைல் எடுக்கும் முன்

அச்சுத் தொழில்நுட்பம் படிப்பவர்கள் கலர் லேபில் அடிக்கடி செய்யும் தவறு, மெஷின் நிலைப்படும் முன்பே சார்ட் (சோதனை நிறக் கட்டங்கள்) ஓட்டி ஐ.சி.சி. புரொஃபைல், அதாவது மெஷின் நிறங்களை எப்படித் தருகிறது என்ற பதிவுக் கோப்பு, எடுத்துவிடுவது. மெஷின் அன்றைக்கு எப்படி அச்சிட்டதோ அதைத்தான் புரொஃபைல் பதிவு செய்யும். தண்ணீர் கூடுதலாக ஓடிய நாளில் எடுத்தால் அந்தக் கோளாறும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இலக்கு ஃபோக்ரா 39 (பூச்சுத் தாளில் ஆஃப்செட் அச்சுக்கான நிறத் தரவு) என்றால் 130 ஜி.எஸ்.எம். கிளாஸ் ஆர்ட் பேப்பரும் ஐ.எஸ்.ஓ. 2846-1 தரத்து இங்க்கும் போதும். பிளேட்டைத் திருத்தம் எதுவும் இல்லாமல் நேர்கோட்டில் எடுங்கள். 50% புள்ளி பிளேட்டிலும் 50 இருக்கிறதா என்று பிளேட் ரீடரில் பாருங்கள். பிளேட்டை நனைக்கும் ஃபவுண்டைன் நீரின் பி.எச். 4.8 முதல் 5.3 வரை இருக்கட்டும். தண்ணீர் குறைந்தால் படமில்லாத இடத்தில் இங்க் படியும். கூடினால் இங்க்கோடு கலந்து சாலிட் (100% இங்க் விழும் பகுதி) வெளிறும்.

முதலில் சாலிட். எந்த டென்சிட்டியில் (இங்க் அடர்த்தி அளவு) ஓட்டுவது என்பதைப் பாடநூல் அட்டவணையிலிருந்து எடுக்காதீர்கள், இங்க்குக்கு இங்க் அது மாறும். இங்க் கீயை (இங்க் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) படிப்படியாகத் திறந்து, குறைந்த டென்சிட்டியிலிருந்து கூடியது வரை ஏழெட்டு ஷீட் எடுங்கள். காய்ந்த பிறகு, அச்சிடாத அதே தாளை அடியில் வைத்து லேப் மதிப்பை (L*a*b*: ஒளிர்வு, சிவப்பு-பச்சை, மஞ்சள்-நீலம்) அளந்து பாருங்கள். மெஜந்தாவின் இலக்கு 48, 74, -3. இங்க் படலம் தடிக்கத் தடிக்க மெஜந்தா சிவப்புப் பக்கம் சாயும். டெல்டா ஈ (இலக்கிலிருந்து உள்ள நிற வேறுபாடு) இறங்கிவந்து மறுபடி ஏறும். அது மிகக் குறைவாக இருந்த ஷீட்டின் டென்சிட்டிதான் உங்கள் இலக்கு. 5-க்குள் வரவே இல்லையா? இங்க்கையோ தாளையோ மாற்றுங்கள், கீயைத் திருப்பிப் பயனில்லை. மீட்டரில் போலரைசிங் ஃபில்டர் இருந்ததா என்பதையும் குறித்துவையுங்கள். அது இல்லாமல் எடுத்த எண்ணோடு இதை ஒப்பிட முடியாது.

அடுத்தது டாட் கெயின், அதாவது அச்சில் புள்ளி பெருக்கும் அளவு. டென்சிட்டி சாலிடில் 1.45, 40% பேட்ச்சில் 0.38 என்று வைத்துக்கொள்வோம், இரண்டும் தாளைக் கழித்த எண்கள். முர்ரே-டேவிஸ் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் 1 − 10^(−டென்சிட்டி) எடுத்து, 0.583-ஐ 0.965-ஆல் வகுத்தால் 60%. அதாவது கெயின் 20. சயான், மெஜந்தா, மஞ்சளுக்கு இலக்கு 13, கறுப்புக்கு 16. உடனே ரிப்பில் (பிளேட்டுக்கான புள்ளிகளை உருவாக்கும் மென்பொருள்) திருத்தக் கர்வ் போட்டுச் சரிக்கட்டத் தோன்றும், பொறுங்கள். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் புள்ளியைப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஸ்லர், பக்கத்தில் மங்கலான நிழல் விழுந்தால் டபுளிங். பிளாங்கெட் (இங்க்கைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) தளர்ந்திருக்கலாம், அதன் அடியில் வைக்கும் பேக்கிங் கூடியிருக்கலாம். இயந்திரக் கோளாறை கர்வால் மறைத்தால் அடுத்த பிளாங்கெட் மாற்றும்போது எல்லாம் கலையும். புள்ளி வட்டமாகவே இருந்தும் கெயின் கூடுதலானால்தான் கர்வ்: தாளில் 53% (40 + 13) தரும் பேட்ச் 34 என்றால், 40-க்கு நேராக 34 என்று போடுங்கள்.

புதுப் பிளேட்டில் சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்ந்த சாம்பலைப் பாருங்கள். சிவந்து தெரிந்தால் மெஜந்தா கூடியிருக்கும், அல்லது சயான் குறைந்திருக்கும்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகே 1617 பேட்ச் கொண்ட ஐ.டி. 8.7/4 சார்ட். ஓட்டம் நிலைத்தபின் இடைவெளி விட்டுப் பத்து ஷீட் எடுத்து, காயவைத்து, அளந்து சராசரி எடுங்கள். புரொஃபைலில் மொத்த இங்க் அளவை (நான்கு நிறச் சதவீதங்களின் கூட்டல்) 300 முதல் 330%-க்குள் நிறுத்துங்கள். மீறினால் அடுக்கில் மேலுள்ள ஷீட்டின் பின்பக்கம் இங்க் ஒட்டும். தாளோ இங்க் பிராண்டோ மாறினால் மறுபடியும் சாலிடிலிருந்து.