கார் சைலன்சர் சத்தத்தைக் குறைக்கப் போய் இழுவையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

சேலத்தில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களில் சிலருக்கு வண்டியோடு சேர்த்து ஒரு தலைவலியும் கைமாறுகிறது. முந்தைய ஓனர் ஆசைப்பட்டு மாட்டிய ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், அதாவது புகையைத் தடுக்காமல் சத்தத்தோடு வெளியே விடும் சைலன்சர். முதல் வாரம் கெத்தாக இருக்கும். பிறகு வீட்டில் திட்டு விழும், தெருவில் குழந்தை தூங்கும் வீட்டுக்காரர் முறைப்பார், ஐந்து ரோடு சிக்னலில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி ஓரம் கட்டச் சொல்வார். "சவுண்டு மட்டும் கம்மி பண்ணிக் குடுங்கண்ணா, இழுவை குறையக் கூடாது" என்று பட்டறையில் போய் நின்றால், "ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க தம்பி, சவுண்டு போனா இழுவையும் போயிரும்" என்று பதில் வரும்.

இது உண்மையில்லை. 2005 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதிய பயணிகள் கார் 74 டெசிபலுக்குள் ஓட வேண்டும். கம்பெனி அறிவிக்கும் குதிரைத்திறன், அந்த அமைதியான சைலன்சரை மாட்டிய நிலையில் அளந்ததுதான். புகை போகும் வழியை அடைத்தும் சத்தத்தைக் குறைக்கலாம். புகைக்கு இடம் கொடுத்தும் குறைக்கலாம். முதலாவது இழுவையைத் தின்னும், இரண்டாவது தின்னாது. நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் முதலாவது.

வால் பைப்புக்குள் இரும்பு நார் திணிப்பது, வாய்க்குள் வாஷரை வைத்து வெல்டு அடிப்பது, பைக் சைலன்சர் வாயில் சொருகிச் சத்தம் குறைக்க விற்கும் டிபி கில்லரை காருக்குச் சொருகுவது எல்லாம் இந்த ரகம். 50 மில்லிமீட்டர் வாயை 25 ஆக்கினால் விட்டம்தான் பாதி, வழி கால்வாசி ஆகிவிடுகிறது. பட்டறையில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஓட்டிக் காட்டும்போது சத்தம் அடங்கியிருக்கும், ஆளும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஐடிலில் வெளியேறும் புகை மிகக் குறைவு, அதற்கு அந்தச் சின்ன ஓட்டையே போதும். அடிவாரம் தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் ஏறி, இரண்டாவது கியரில் 4000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வைத்து முறுக்கும்போதுதான் குட்டு உடையும். எரிந்த புகை முழுவதும் வெளியேற முடியாமல் சிலிண்டரிலேயே கொஞ்சம் தங்கும். அது தங்கிய அளவுக்குப் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர இடமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி முக்கிக்கொண்டே ஏறும்.

சரியான வழியில் சத்தத்தை விழுங்குவது டப்பாவின் கொள்ளளவுதான். சைலன்சர் டப்பாக்கள் பொதுவாக இரண்டு விதம். ஒன்றில் ஓட்டை போட்ட குழாய் நேராகப் போகும், அதைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்திருக்கும். கிரீச்சென்ற மேல் சத்தத்தை இது நன்றாக விழுங்கும், வழியும் தடைபடாது. அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் அவ்வளவாகத் தொடாது. இன்னொன்று உள்ளே அறை அறையாகத் தடுத்தது. அலைகள் ஒன்றோடொன்று மோதி அடங்கும், கீழ்ச் சத்தத்துக்கு இதுதான் மருந்து. இரண்டில் எதுவானாலும் டப்பா பெரிதாக இருந்தால்தான் தடையும் குறைவு, சத்தமும் குறைவு.

எஞ்சின் கொள்ளளவைப் போல் பத்து மடங்காவது சைலன்சர் டப்பாக்களில் இடம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு கைக்கணக்கு. 1.2 லிட்டர் எஞ்சினுக்கு 12 லிட்டர். கடையில் பளபளவென்று தொங்கும் யுனிவர்சல் மஃப்ளரை, அதாவது எந்தக் காருக்கும் மாட்டும் சைலன்சர் டப்பாவை, எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு அங்குல விட்டம், ஓரடி நீளம். கணக்குப் போட்டால் உள்ளே இரண்டரை லிட்டர்கூடத் தேறாது, அதிலும் நடுக்குழாய் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் எந்த நாரை அடைத்து என்ன செய்தாலும் கம்பெனி டப்பா செய்யும் வேலையைச் செய்யாது. ஆகவே என் முதல் யோசனை, பலருக்குப் பிடிக்காது என்றாலும், அந்த மாடலின் ஒரிஜினல் சைலன்சரை முழு செட்டாக வாங்கித் திரும்ப மாட்டுவதுதான். புதிது கட்டுப்படியாகாவிட்டால் பழைய பார்ட்ஸ் கடையில் தேடுங்கள். தட்டிப் பாருங்கள், உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது, வாங்காதீர்கள்.

"பேக் பிரஷர் வேணும், இல்லன்னா டார்க் வராது" என்ற பேச்சும் பட்டறைக்குப் பட்டறை கேட்கும். பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையைத் திரும்பத் தள்ளும் எதிரழுத்தம், டார்க் என்பது இழுவிசை. அந்த எதிரழுத்தத்தால் எஞ்சினுக்கு லாபம் கிடையாது. தேவைப்படுவது புகையின் வேகம். வேகமாகப் போகும் புகை தனக்குப் பின்னால் ஒரு இழுப்பை உண்டாக்கி, சிலிண்டரில் மிச்சமிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். சின்ன காரின் 38 மில்லிமீட்டர் பைப்பைக் கழற்றிவிட்டு 50 போட்டால் வழி 1.7 மடங்கு அகலமாகிறது, புகையின் வேகமும் அதே கணக்கில் விழுகிறது. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போவது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு "பார்த்தீங்களா, பேக் பிரஷர் இல்லை" என்பார்கள். எனவே பெரிய பைப் போட்ட வண்டியை வாங்கியிருந்தால் டப்பாவை மட்டும் மாற்றாமல், பைப்பையும் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். வளைவுகளில் பைப் நசுங்காமல் இருக்கிறதா என்று கையால் தடவியே பார்க்கலாம். உள்ளே மணல் அடைத்து வளைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது 'ட்ரோன்' என்கிற ரீங்காரம். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. தர்மபுரிப் பக்கம் என்எச் 44ல் ஏறி ஐந்தாவது கியரில் 80, 90ல் நிலையாகப் போகும்போது கேபின் முழுக்க ஊம்ம்ம் என்று நிரம்பும். தொப்பூர் வருவதற்குள் தலை வலிக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் 2400 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 80 முறை வெடிக்கிறது, அதாவது 80 ஹெர்ட்ஸ். மூன்று சிலிண்டரானால் 60. இவ்வளவு கீழான சத்தத்துக்கு நார் அடைத்த டப்பா உதவாது. பைப்பின் நடுவில் இருக்கும் ரெசனேட்டர் என்ற சின்ன டப்பாவை 'வெயிட்டு' என்று சொல்லி அறுத்து எறிந்த வண்டிகளில்தான் இந்த நோய் அதிகம். அதைத் திரும்ப வைத்தாலே பாதி தீரும்.

மீதிக்கு ஒரு அழகான வைத்தியம் இருக்கிறது. மெயின் பைப்பிலிருந்து கிளையாக ஒரு குழாயை எடுத்து, அதன் மறுமுனையை மூடிவிடுவது. அதன் நீளம் அந்தச் சத்த அலையின் கால் பங்காக இருந்தால், உள்ளே போய்த் திரும்பி வரும் அலை மெயின் பைப்பில் வரும் அலையை அடித்துவிடும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 450 மீட்டர் ஓடும் என்று வைத்தால், 80 ஹெர்ட்ஸுக்குக் குழாய் 1.4 மீட்டர் வரும். புகை அதன் வழியாகப் போவதில்லை, அதனால் இழுவைக்கு எந்தச் சேதமும் இல்லை. மூன்று சிலிண்டருக்கு 1.9 மீட்டர் வேண்டும். சின்ன காரின் அடியில் அதற்கு இடம் பார்ப்பது பெரும்பாடு. உள்ளே நிற்கும் புகை சற்று ஆறியிருப்பதால் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவான நீளமே சரியாக வரும். முதலில் நீளமாக வைத்து, ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாக அறுப்பதுதான் முறை. அறுத்ததை ஒட்டுவது சிரமம்.

டப்பாவுக்குச் செலவழிக்கும் முன் லீக் இருக்கிறதா பாருங்கள். சத்தம் போடும் வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம். ஜாயின்டைச் சுற்றிக் கரி படிந்த கருங்கோடு தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியால் வால் பைப்பைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், இன்னொருவர் முன்னால் நின்று புஸ் சத்தத்தைக் கேட்டுவிடலாம். இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் மறைந்தால், எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் இடத்தில் உள்ள மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் போவது அப்படித்தான். இழுவையும் மந்தமாகும். பிறகு அந்தப் பழி புது சைலன்சர் மேல் விழும். லீக்கை எம்-சீல் வைத்து அடைப்பது வீண் வேலை, அந்தச் சூட்டை அது தாங்காது. கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும் அபாயமும் இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் இறுகிப் போயிருந்தால், அல்லது டப்பா பாடியில் இடித்துக்கொண்டிருந்தால், புகை சத்தத்தைவிட அந்த அதிர்வுதான் உள்ளே கேட்கும். நாலு ரப்பர் மாற்றினாலே வேலை முடியும்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சத்தம் ஏறும், எஞ்சின் விளக்கு எரியும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ன்படி சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

வெல்டிங்குக்கு வருவோம். கிரில் பட்டறையில் கிடக்கும் ஜிஐ பைப்பை வெட்டி இணைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகைந்து, அதைச் சுவாசிப்பவருக்குக் காய்ச்சல் வரும். இரும்பாலை இருக்கும் ஊரில் ஸ்டெயின்லெஸ் குழாய்க்கா பஞ்சம்? 409 கிரேடு போதும், 304 இன்னும் நீடிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், எர்த் கிளாம்ப் வெல்டு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இசிஎம் போனால் சைலன்சரைவிடப் பல மடங்கு செலவு. டப்பாவின் அடியில் இருக்கும் சின்னத் துளையை லீக் என்று நினைத்து அடைக்கவும் கூடாது. அது தண்ணீர் வடிவதற்கு வைத்தது, அடைத்தால் டப்பா உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கும். சத்தம் குறைந்தாலே வண்டி மெதுவாகப் போவதுபோல் தோன்றும், காது செய்யும் வேலை அது. இன்னொன்று, நேராக ஏற்காட்டுக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு "பவர் போச்சு" என்று முடிவு கட்டுவது. மேலே 1,500 மீட்டர் உயரத்தில் காற்றே இளைத்திருக்கும். டர்போ இல்லாத எஞ்சின், சேலத்தில் தந்ததில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கை அங்கே தராது, எந்த சைலன்சர் மாட்டினாலும். மாற்றும் முன்பும் பின்பும் ஒரே சமதள ரோட்டில், ஒரே ஆட்களோடு, மூன்றாவது கியரில் 40லிருந்து 80 போக எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் முன் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டலாம். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் எங்கோ அடைப்பு இருக்கிறது. நொடிகள் மாறவில்லை, கேஜும் ஏறவில்லை என்றால் தாராளமாக மலைக்கு ஓட்டலாம். இறங்கி வந்து வண்டி ஆறியதும், புதிதாகப் போட்ட கிளாம்ப் நட்டுகளை ஒருமுறை முறுக்கிவிடுங்கள். முதல் சூட்டில் அவை தளரும்.