பழைய பென்ஸ் இ220: ஓட்டும் சுகம் கெடாமல் பிக்கப்பைக் கூட்டும் வழிமுறை

பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு வட்டாரத்தில் பழைய சொகுசு கார் தேடுவோர் பலர் கடைசியில் வந்து நிற்பது டபிள்யூ124 வகை மெர்சிடீஸ் பென்ஸில்தான். 1995இல் புனேயில் தொகுக்கத் தொடங்கிய இ220, புதிதாக இருந்தபோது 150 குதிரைத்திறனும் 210 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் (டார்க்) தந்தது. முப்பது ஆண்டுகள் ஓடிய வண்டி பெரும்பாலும் அந்த அளவைத் தருவதில்லை. ஆகவே இங்கே கூறப்போகும் வரிசையில் இழந்த சக்தியை மீட்பது முதலிலும், புதிய சக்தியைச் சேர்ப்பது கடைசியிலும் வருகின்றன. ஏசி ஓடும்போதும் ஐடிலிங் குலுங்காமல் இருப்பது, மூன்றாம் கியரில் ஊர்ந்துவிட்டு மிதித்தால் திணறாமல் இழுப்பது, ஆழியாறு கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்பது ஆகிய மூன்றையும் கெடுக்கிற எந்த வேலையும், எவ்வளவு வேகம் தந்தாலும், இந்தக் காருக்கு ஏற்றதன்று.

பட்டறைக்குப் போகும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. மாற்றியமைத்த வண்டிகளிடம் கேரள மோட்டார் வாகனத் துறை காட்டும் கண்டிப்பு, எல்லையிலுள்ள வாளையாறு தாண்டிப் போய்வருவோர் அனைவரும் அறிந்ததே. கேரளப் பதிவெண் கொண்ட காரை வாங்கியிருந்தால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருக்க என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) பெற்று மறுபதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுச் சோதனைக்கு) நிற்கப்போகும் வண்டியில் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

முதல் படி: அளந்து எழுதுங்கள்

போக்குவரத்து குறைந்த, சமதளமான ஒரு நேர்ச்சாலையைத் தேர்ந்து, ஆட்டோமேட்டிக் அல்லாத வண்டியானால் மூன்றாம் கியரிலேயே 40லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று உடன் வருபவரைக் கைப்பேசியில் அளக்கச் சொல்லுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் நோக்கிச் செல்லும் சாலை போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவக்காலத்தில் பாலக்காட்டுக் கணவாயின் மேல்காற்று பலமாக அடிப்பதால், ஒரு திசையில் மட்டும் அளந்தால் கணக்கு தப்பாகிவிடும். இரு திசையிலும் அளந்து சராசரி எடுங்கள். இனி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பிறகு அதே சாலையில், அதே பெட்ரோல் அளவோடு மீண்டும் அளக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றினால் எது பலன் தந்தது என்பது யாருக்கும் தெரியாது.

வால்பாறையில் அளக்காதீர்கள். டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து விழுக்காடு சக்தியை இழக்கும். அது பழுதன்று, காற்றின் அடர்த்தி குறைவதன் விளைவு.

இரண்டாம் படி: என்ஜினின் பழைய உடல்நிலையை மீட்பது

செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டர்களுக்குள் ஒன்றரை பாருக்கு மேல் வேறுபாடு தெரிந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதன் காரணத்தைத் தேடுங்கள். சமமாக இருந்தால் அடுத்து என்ஜினின் ஒயர் தொகுப்பான ஒயரிங் ஹார்னஸைப் பாருங்கள். 1990களின் முற்பகுதியில் மெர்சிடீஸ் பயன்படுத்திய என்ஜின் ஒயர்களின் காப்புறை, சூட்டில் காய்ந்து விரலால் தொட்டாலே உதிரும் தன்மை கொண்டது. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசும்போது காரணமே புரியாத விதத்தில் என்ஜின் திணறும், ஐடிலிங் ஏறி இறங்கும், பல பட்டறைகள் சென்சாரை ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைக்கும். இன்றைய கார்களில் செருகும் 16 முனை ஓபிடி (பழுது கண்டறியும்) கருவி இந்த வண்டிக்கு உதவாது என்பதால், பழைய மெர்சிடீஸ் சோதனைக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் பிடிப்பது நல்லது.

ஹார்னஸ் சரியாக இருந்தால், உள்ளிழுக்கும் காற்று வழியில் கசிவு உண்டா என்று புகை செலுத்திச் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ந்து வெடித்த ஒரு சிறு ரப்பர் குழாய், அளக்கப்படாத காற்றை உள்ளே விட்டுக் கலவையைக் கெடுத்துவிடும். காற்றின் அளவை உணரும் ஹாட் ஃபிலிம் சென்சாரை அதற்குரிய கிளீனரால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், விரலோ துணியோ படக்கூடாது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார் ஆகியவை வரிசையாக மாற வேண்டியவை. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது எங்கும் நிரப்பப்படுவதாலும், இந்தக் கார் அதற்காக வடிவமைக்கப்படாததாலும், பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். இது வேகத்துக்காகச் செய்வதன்று, தீ விபத்தைத் தவிர்ப்பதற்காகச் செய்வது.

குளிர்விக்கும் அமைப்பில் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் மூன்றையும் பாருங்கள். இப்பகுதியின் உப்புத்தன்மை மிகுந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் பல நல்ல என்ஜின்களின் ஆயுளைக் குறைத்திருக்கிறது. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் மட்டுமே போதும்.

மூன்றாம் படி: சக்தி சக்கரம் வரை போய்ச் சேர்கிறதா?

நான்கு கியர் ஆட்டோமேட்டிக்காக இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது என்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் வடிகால் போல்ட்டையும் கழற்றச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுவதால் பாதிப் பழைய ஆயில் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குச் செல்லும் கேபிளைச் சரியாக அமைத்தால், கியர் மாறும் வேகமே வேறு காரைப் போலத் தோன்றும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் தட்டுகளும் என்ஜின் மவுண்ட்டுகளும் விரிசல் விட்டிருந்தால் கிளம்பும்போது ஒரு குத்தல் தெரியும். உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் இரும்புப் பாகங்களைத் தாராளமாக வாங்கலாம். ரப்பரை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள்.

நான்காம் படி: பிரேக், டயர்

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும் சாலை, பிரேக்கின் தரத்தை ஈவிரக்கமின்றிக் காட்டிவிடும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதோடு பிரேக் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாக்குங்கள். நல்ல தரமான பேட் போதும், பந்தயப் பேட்கள் சூடேறும் வரை பிடிக்காது.

இந்தக் காரின் மூல டயர் அளவு 195/65 ஆர்15. சற்று அகலமான பிடிப்பு வேண்டுமென்றால் 205/60 ஆர்15 போடலாம், விட்டம் 1.2 விழுக்காடுதான் குறையும். 16 அங்குல வீலுக்குப் போவதானால் 205/55 பொருந்தும், விட்டத்தில் அரை விழுக்காடு வேறுபாடுகூட வராது. 17 அங்குலத்துக்குப் போனால் டயரின் பக்கச்சுவர் குறைந்து, கிராமச் சாலை வேகத்தடைகளில் வீல் வளைவதோடு பயணச் சுகமும் போய்விடும். புதிய வீல்களில் ஐந்து துளை, 112 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 66.6 மில்லிமீட்டர் என்ற அளவுகளை உறுதி செய்துகொண்டு போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். டயரின் பக்கவாட்டில் 2324 என்பது போல் உள்ள நான்கு இலக்கம், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்பதைச் சொல்லும்.

ஐந்தாம் படி: சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்

வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங்குகளை வாங்காதீர்கள். முன்பக்க கண்ட்ரோல் ஆர்ம் புஷ்கள், பின்பக்க ஐந்து இணைப்புக் கம்பிகள், சப்ஃபிரேம் மவுண்ட்டுகள், மூல அளவிலான வாயு ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றைப் புதிதாக்கினாலே வளைவில் கார் சாய்வது கண்கூடாகக் குறையும். ஸ்பிரிங்கின் மேல் உள்ள ரப்பர் பேடில் காணும் புடைப்புகளின் எண்ணிக்கை உயரத்தைக் குறிப்பதால், கழற்றிய அதே வகையையே மீண்டும் போட வேண்டும். ஸ்டீயரிங்கில் தளர்வான ஆட்டம் (பிளே) அதிகமிருந்தால் ஐட்லர் புஷ்ஷையும் டேம்பரையும் முதலில் மாற்றுங்கள். ஸ்டீயரிங் பெட்டியின் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் வளைவு முடிந்த பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. எல்லாம் முடிந்த பின்பே அலைன்மென்ட்.

ஆறாம் படி: புதிய சக்தி

திறந்த கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் என்ஜின் அறையின் சூடான காற்றையே இழுக்கும், அதன் எண்ணெய் சென்சாரையும் கெடுக்கும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது குற்றம், புகைச் சோதனையிலும் மாட்டும். மிகப் பெரிய சைலன்சர் குழாய் சத்தத்தைக் கூட்டி, நகரில் அன்றாடம் தேவைப்படும் குறைந்த வேக இழுவையைக் குறைத்துவிடும். டர்போ இல்லாத இந்த என்ஜினில் ரீமேப் (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்து கிடைப்பது சில விழுக்காடுதான், அதற்கும் பெட்ரோலின் ஆக்டேன் அளவு இடம்கொடுக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கினால் அதே பலன் காசின்றிக் கிடைக்கும்.

பிற்காலத்து டர்போ டீசல் செடான் வைத்திருப்போருக்கு நிலைமை வேறு. அங்கே ரீமேப் இழுவிசையைக் கணிசமாகக் கூட்டும். ஆயினும் அந்தக் கூடுதல் சுமை கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ மூன்றின் மீதும் இறங்குவதால், கியர்பாக்ஸ் தாங்கும் இழுவிசை எவ்வளவு என்று முதலில் கேட்டறிந்து அதற்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். மூல மென்பொருளின் நகலையும் மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தைச் சோதிக்க விரும்பினால் செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற மூடிய ஓடுதளத்தில் அனுமதி பெற்று ஓட்டுங்கள். வாளையாறு நெடுஞ்சாலை அதற்கான இடமன்று.