தொப்பியில் அடங்கிப்போன நாதம்

திருகோணமலை உப்புவெளியில் நடந்த சிறு வணிகர் ஒன்றுகூடலில், பெயரட்டை தர வந்த பெரியவர் தம்மை மிருதங்க வித்துவான் என்று அறிமுகப்படுத்தியதும், வியாபாரப் பேச்சை விட்டுவிட்டு, அப்பாவின் மிருதங்கம் சுருதி சேராமல் கிடப்பதைச் சொன்னேன்.

“மாரியில் அதை எங்கே வைக்கிறீர், தம்பி?” என்று கேட்டார். கடலோர வீட்டில், வெறும் நிலத்தில் என்றேன். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்று விளக்கி, மேசையிலேயே விரலால் தட்டிக் காட்டினார். அந்தப் பொறுமையை நான் மறக்க மாட்டேன்.

மறுநாள், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் விளிம்புப் பின்னலில் மேலிருந்து கட்டையை வைத்துக் கல்லால் மெல்லத் தட்டி, சுற்றிச்சுற்றி வந்து, சுருதிப்பெட்டியோடு ஒப்பிட்டேன். ஓரிடத்தில் சுருதி ஏறிவிட்டதால், அங்கே கீழிருந்து மேலாகத் தட்டி இறக்கினேன்.

இடப்பக்கமான தொப்பியில்தான் என் பெருந்தவறு இருந்தது. காய்ந்த தோலில், கனத்த நாதத்துக்காகப் பூசும் ரவையைக் கெட்டியாக அப்பி, வாசித்த பின் சுரண்டாமலே விட்டிருந்தேன். இம்முறை தோலை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீரில் இளக்கமாகப் பிசைந்த ரவையை நடுவில் வட்டமாக, சிறிது சிறிதாகச் சேர்த்தேன். ‘தோம்’ என்று அது முழங்கியபோது, அடுக்களையிலிருந்த அம்மா அகப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

இப்போது மிருதங்கம் உறையிட்டு, உள்ளறையில் மரப்பலகை மேல் இருக்கிறது.