புஷ் மாற்றியதும் வந்த கிறீச் சத்தம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கக் கீழ் விஷ்போனில் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து மேலும் கீழும் ஆடும் கை) ரப்பர் புஷ்ஷை (அந்தக் கை ஆடும் மூட்டிலுள்ள மெத்தை வளையம்) எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் புஷ் மாட்டினேன். மறுநாளே பள்ளத்துக்குப் பள்ளம் கிறீச் சத்தம். வண்டியின் மூக்கும் தூக்கியே நின்றது. சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட்டில் ஆட்டமில்லை. சிலிக்கான் கிரீஸ் இரண்டு நாள்தான் தாங்கியது. சக்கரத்தைத் தரையில் வைத்து போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கினேன். பலனில்லை; அது ரப்பருக்கான வைத்தியம். ரப்பர் புஷ், நடுவிலுள்ள குழாயான ஸ்லீவோடு ஒட்டி, முறுகி வேலை செய்யும். பாலி புஷ் ஸ்லீவைச் சுற்றிச் சுழல வேண்டும்.

கடைசியில் வெர்னியரால் அளந்தேன். நடுவிலுள்ள இரும்பு ஸ்லீவ், புஷ்ஷைவிட 0.3 மி.மீ. குட்டை! விஷ்போனை வண்டியில் பிடிக்கும் பிராக்கெட், ஸ்லீவைக் கவ்வாமல் புஷ்ஷையே நசுக்கியிருக்கிறது. கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து, ஸ்லீவ் 0.2 மி.மீ. நீட்டும்வரை புஷ்ஷின் முகத்தைத் தேய்த்தேன். ஸ்பிரிங் இல்லாமல் போல்ட்டை முழுதாக முறுக்கிய பிறகும் விஷ்போன் கையால் அசைந்தது. சத்தமும் இல்லை, உயரமும் சரி. ஒரு வாரத் தலைவலி விட்டது.