முதல் முறை ஜகாத் கொடுப்பவர்களுக்கு: கணக்கும், கொடுக்கும் முறையும்

ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம்கள் தங்கள் செல்வத்திலிருந்து ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம். அதன் கணக்கைப் போடுவது பெரிய வேலையில்லை. யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

1. தேதி குறியுங்கள். உங்கள் செல்வம் நிஸாப் அளவை (ஜகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச மதிப்பு, எவ்வளவு என்பது 3-ல்) தொட்டு ஒரு சந்திர ஆண்டு, அதாவது சுமார் 354 நாட்கள் ஆனால் ஜகாத் கடமை. தொட்ட நாள் நினைவில் இல்லையா? பலரும் ரமளானில் ஒரு தேதியை வைத்துக்கொள்கிறார்கள்.

2. கூட்டுங்கள். ரொக்கம், வங்கி இருப்பு, தங்கம், வெள்ளி, விற்பதற்கு வைத்திருக்கும் சரக்கு எல்லாம் சேரும். குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, தொழில் கருவிகள் சேராது. அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்ட வழிமுறை) ஜகாத் உண்டு. ஷாஃபி மத்ஹபில் அளவோடு அணிவதற்கு இல்லை.

3. உடனே கட்ட வேண்டிய கடனைக் கழியுங்கள். மிச்சம் 85 கிராம் தங்கம் அல்லது 595 கிராம் வெள்ளியின் மதிப்பை எட்டினால், அதில் 2.5 சதவீதம். 4 லட்சம் இருந்தால் 10 ஆயிரம்.

4. இப்போதுதான் முக்கியமான கட்டம். குர்ஆன் 9:60 எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகள், வறியவர்களோடு கடனாளிகளும் அதில் உண்டு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சில்லறையாக நூறு பேருக்குப் பிரித்தால் அன்றைய செலவுக்குத்தான் ஆகும். அதே தொகையில் ஒருவருடைய வட்டிக் கடனை அடைத்தால் மாதாமாதம் வட்டிக்குப் போன பணம் அவர் வீட்டிலேயே நிற்கும். தையல் தெரிந்த பெண்ணுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தால் வருமானத்துக்கு வழி பிறக்கும். ஆனால் மெஷின் அவருக்கே சொந்தமாக வேண்டும், இரவலாக இருக்கக் கூடாது. உங்கள் தொகை போதாதென்றால் சொந்தபந்தத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரே குடும்பத்துக்குக் கொடுங்கள். நம்பகமான பைத்துல்மால் (ஜகாத்தைத் திரட்டிப் பகிர்ந்து கொடுக்கும் பொது நிதி) இருந்தால் இன்னும் நல்லது. யாருக்கு எவ்வளவு போனது என்று கணக்குக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பெற்றோர், பிள்ளைகளுக்கு ஜகாத் செல்லாது. தேவையுள்ள அண்ணன், தங்கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

5. நிய்யத், அதாவது ஜகாத் கொடுக்கிறேன் என்ற எண்ணம், உங்கள் மனதில் இருந்தால் போதும். வாங்குபவரிடம் "இது ஜகாத்" என்று சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நிற்க வைப்பது, போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம்.

6. நடுவில் யாருக்காவது அவசர மருத்துவச் செலவு வந்தால், வரப்போகும் ஆண்டின் ஜகாத்தை முன்கூட்டியே கொடுக்கப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். கொடுத்ததை எழுதி வையுங்கள். தேதி வரும்போது கழித்துக்கொள்ளலாம்.