சிம்ஃபோனிக் மெட்டலுக்கு ஓப்பன் பேக் ஹெட்போன்: எப்படிப் பார்த்து வாங்குவது?

நைட்விஷ், எபிகா, விதின் டெம்டேஷன், தெரியன் மாதிரி சிம்ஃபோனிக் மெட்டல் (ஆர்கெஸ்ட்ரா கலந்த மெட்டல்) குழுக்களைக் கேட்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிஸ்டார்ஷன் கிட்டார், டபுள் கிக் டிரம் (இரண்டு காலாலும் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), முழு ஆர்கெஸ்ட்ரா, சேர்ந்திசைக் குழு, அதற்கு மேல் ஒரு சோப்ரானோ குரல் என எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கும். சாதாரண ஹெட்போனில் இது ஒரு பெரிய இரைச்சலாகத் திரண்டுவிடும். பின்னால் வயலின்கள் வாசித்துக்கொண்டிருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் ஒரு பாட்டைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஓப்பன் பேக் ஹெட்போன் அந்தத் திரளைப் பிரித்துக் காட்டும். ஆனால் எல்லா ஓப்பன் பேக்கும் காட்டாது. பேஸ் (அடி ஒலி) எவ்வளவு, சவுண்ட் ஸ்டேஜ் (இசை விரிந்து கேட்கும் மேடை) எவ்வளவு அகலம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். இந்த இசைக்கு மிட் (நடு ஒலி) பகுதியின் நேர்மையையும் டிரெபிளின் (உச்ச ஒலியின்) அடக்கத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் அறைக்கு ஓப்பன் பேக் சரிப்படுமா?

ஓப்பன் பேக் என்றால் டிரைவரின் (ஒலி எழுப்பும் பகுதியின்) பின்புறம் மூடாமல் வலை மட்டும் போட்டு விட்டிருப்பார்கள். 1968இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414தான் இந்த வகையின் தொடக்கம். பின்பக்கம் கிளம்பும் ஒலி கூட்டுக்குள் முட்டித் திரும்பாமல் வெளியே போய்விடுவதால் சத்தம் தலைக்குள் அடைத்த மாதிரி இருக்காது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஓப்பன் பேக் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் வலைக்கு அருகே மெதுவாகக் கொண்டுபோங்கள். தொடுவதற்கு முன்பே குரல் கம்மிப்போவதும், ஒலி உள்ளே ஒடுங்குவதும் கேட்கும். கையை எடுத்தால் மறுபடி விரியும். கடையில் ஒரு நிமிடம் இதைச் செய்து பார்த்தாலே ஓப்பன், குளோஸ்டு (பின்பக்கம் மூடியது) வித்தியாசம் புரிந்துவிடும்.

அதே வலை வழியாக வெளிச் சத்தமும் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். பஸ், ரயில், ஆபீஸ் எதற்கும் இது ஆகாது. வீட்டிலும் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால் ஆர்கெஸ்ட்ராவின் மெல்லிய பகுதிகள் அதில் கரைந்துவிடும், உடனே கை வால்யூமைக் கூட்டப் போகும். அமைதியான நேரமோ அறையோ கிடைக்காதவர்கள் நல்ல குளோஸ்டு பேக் வாங்குவதே மேல்.

படி 2: நெரிசல் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண டியூனிங்கில் கிட்டாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. பேஸ் கிட்டார் அதற்கும் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே, 41 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் இடி அறுபது எழுபது ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தாலும், வேகமாக மிதிக்கும்போது அடிகளைத் தனித்தனியாக எண்ண வைக்கும் அந்த 'டிக்' ஒலி 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. வயலினின் கீழ்த் தந்தி 196 ஹெர்ட்ஸ். அதன் பளபளப்பெல்லாம் பல கிலோஹெர்ட்ஸ் மேலே. சிம்பல்கள் அதற்கும் மேலே சிதறிக் கிடக்கின்றன.

இதில் கிட்டார்தான் பெரிய ஆக்கிரமிப்பாளர். டிஸ்டார்ஷன் போட்டதும் ஒரே ஸ்வரத்திலிருந்து ஏராளமான மேல் ஸ்வரங்கள் கிளம்பி, நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸ் வரை சுவர் எழுப்பிவிடும். செல்லோ, கொம்பு வாத்தியங்கள், சேர்ந்திசை, தனிக் குரல் எல்லாமே அந்தச் சுவருக்குள்தான் வாழ வேண்டும். பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களில் பலத்த ஒலி மெல்லிய ஒலியை நம் காதிலேயே மறைத்துவிடும். ஆகவே ஹெட்போன் 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் உப்பியிருந்தால் கிட்டார் இன்னும் பருத்து செல்லோக்களை விழுங்கிவிடும். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் இருந்தால் பாடகி பின்வரிசைக்குப் போய்விடுவார். 8 கிலோஹெர்ட்ஸில் மேடு இருந்தால் சிம்பலும் 'ஸ' ஒலிகளும் காதைக் குத்தும்.

கடைசியாகச் சொன்னதுதான் இந்த இசையில் ஆபத்து. பெரும்பாலான மெட்டல் பதிவுகள் பலத்த சத்தமாகவே மாஸ்டர் (இறுதி ஒலியமைப்பு) செய்யப்படுகின்றன. சிம்பல்கள் ஓய்வதே இல்லை. ஜாஸில் இனிமையாகத் தெரியும் அதே டிரெபிள் மேடு இங்கே அரை மணி நேரத்தில் தலைவலி கொடுக்கும்.

படி 3: சோதனைப் பாடல்களைத் தயார் செய்யுங்கள்

புதுப் பாட்டு வேண்டாம், நன்றாகத் தெரிந்த பாட்டு வேண்டும். என் பரிந்துரை நைட்விஷ்ஷின் 2004 ஆல்பமான 'ஒன்ஸ்'ஸில் வரும் 'கோஸ்ட் லவ் ஸ்கோர்'. பத்து நிமிடப் பாட்டு. ஆர்கெஸ்ட்ரா தனியாக வாசிக்கும் இடம், கிட்டார் மட்டும் முன்னே வரும் இடம், கடைசியில் சேர்ந்திசையும் பாடகி தார்யாவின் குரலும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறும் இடம் என்று எல்லாமே இதில் கிடைத்துவிடும். அந்தக் கடைசிப் பகுதியில் சேர்ந்திசை 'ஆஆ' என்ற பொதுவான ஒரு மேகமாகக் கேட்கிறதா, பல மனிதர்கள் பாடுவதாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

எபிகாவின் 'கன்சைன் டு ஒப்லிவியன்' இன்னொன்று. சிமோன் சைமன்ஸின் தெளிந்த குரலும் மார்க் யான்சனின் உறுமலும் மாறி மாறி வரும். உறுமல் வரும்போதும் சொற்களின் விளிம்பு தெரிகிறதா பாருங்கள்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. நைட்விஷ்ஷின் 2015 ஆல்பமான 'எண்ட்லெஸ் ஃபார்ம்ஸ் மோஸ்ட் பியூட்டிஃபுல்' ஒரு பதிப்பில் ஆர்கெஸ்ட்ரா மட்டுமே ஒலிக்கும் தனி டிஸ்க்குடன் வந்தது. முதலில் அந்த வடிவத்தைக் கேட்டு, குழல் எங்கே நுழைகிறது, வயலின் எந்த மெட்டை வாசிக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே பாட்டின் முழு வடிவத்தைக் கேளுங்கள். மனதில் பதிந்ததில் எவ்வளவு இன்னும் காதில் விழுகிறது? ஒரு ஹெட்போனுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் இதில் பளிச்சென்று தெரியும். வேறு எந்தச் சோதனையையும் விட இதைத்தான் நான் நம்புகிறேன்.

ஃபைல் தரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 320 கேபிபிஎஸ் போதும்.

படி 4: மூன்று பேரை நேருக்கு நேர் நிறுத்துங்கள்

தொடக்க, நடுத்தர விலையில் எல்லோரும் பேசும் மூன்று மாடல்கள் இவை.

சென்ஹைசர் எச்டி 600, அதன் உறவினர்களான எச்டி 650, எச்டி 6எக்ஸ்எக்ஸ். மிட் பகுதிக்காகவே பேர் வாங்கியவை. பாடகியின் குரல், செல்லோ, கிட்டாரின் கனம் எல்லாம் அதனதன் அளவில் இருக்கும். 650 கொஞ்சம் இதமானது, சிம்பலைத் தணித்தே தரும். குறை என்றால் இரண்டு: அடி பேஸ் இறங்கிப் போகும், டபுள் கிக்கின் இடி உடம்பில் தட்டாது. மேடையும் அகலம் குறைவு. ஆனாலும் நெரிசலான உச்சப் பகுதியில் யார் எங்கே பாடுகிறார் என்பதை இவை குழப்புவதில்லை. புதிதாக இருக்கும்போது தலையை இறுக்கிப் பிடிக்கும், நாளாக ஆகத் தளரும்.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ. விலை குறைவு, கட்டுமானம் உறுதி, வெல்வெட் போன்ற காது மெத்தைகள், மணிக்கணக்கில் போட்டாலும் வலிக்காது. முதல் முறை கேட்கும்போது மூன்றில் இதுதான் ஆளை அசத்தும். மேடை அகலம், வயலின்கள் மினுங்கும், டிரம் பளீரென்று அடிக்கும். ஆனால் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இதற்குப் பெரிய மேடு இருக்கிறது. சோதனைப் பாட்டை முழுதாகக் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் முடிவெடுப்பவர்கள் இதைத்தான் வாங்குவார்கள். ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) போடத் தயாரானவர்கள் தாராளமாக வாங்கலாம், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ப்ரோ மாடலில் சுருள் கேபிள் கழற்ற முடியாதபடி இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ, கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் சுந்தரா. இவை பிளேனார் வகை. வழக்கமான டிரைவருக்குப் பதில் மெல்லிய படலம் முழுவதும் அசையும். அதனால் பேஸ் அடி ஆழம் வரை தளராமல் போகும். வேகமான டபுள் கிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் கேட்பது இதில்தான். 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சின்னப் பள்ளம் இருப்பதால் பாடகி ஓரடி பின்னே நிற்பார். எச்இ400எஸ்இயின் எடையும் 390 கிராம். எச்டி 600 வெறும் 260 கிராம்தான். கழுத்து வலி உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஏகேஜி கே702 பற்றியும் கேட்பார்கள். ஆர்கெஸ்ட்ரா இசைக்கு அருமை, கிட்டார் மெலிந்துவிடும். இந்த இசைக்கு வேண்டாம்.

குரலுக்காகவும் ஆர்கெஸ்ட்ராவுக்காகவும் கேட்கிறவர் என்றால் எச்டி 600 அல்லது 650. டிரம்மும் ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டும்) முதலில் என்றால் எச்இ400எஸ்இ.

படி 5: ஆம்ப் வேண்டுமா?

ஓம் (ஹெட்போனின் மின்தடை அளவு) அதிகம் என்றால் ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் தனிக் கருவி) கட்டாயம், குறைவு என்றால் தேவையில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. சென்சிடிவிட்டியையும் (அதே பவருக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பதையும்) சேர்த்துப் பார்க்க வேண்டும். டிடி 990 ப்ரோ 250 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். எச்இ400எஸ்இ ஓம் குறைவுதான், ஆனால் 91 டெசிபல். அந்த 5 டெசிபல் வித்தியாசத்துக்கு இது ஏறக்குறைய மூன்று மடங்கு பவர் கேட்கும். 300 ஓம் எச்டி 600க்கு வேண்டியது வோல்டேஜ், பிளேனாருக்கு வேண்டியது கரன்ட்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மெட்டல் பதிவுகள் ஏற்கெனவே சத்தமாக இருப்பதால், மெல்லிய சிம்ஃபொனிப் பதிவுக்குத் திணறும் யுஎஸ்பி டாங்கிள் (போனில் செருகி ஹெட்போனை இணைக்கும் சின்னக் கருவி) கூட இதற்குப் பெரும்பாலும் சமாளித்துவிடும். முதலில் சாதாரண டாங்கிளில் கேளுங்கள். வால்யூமை முழுதாக ஏற்றியும் போதவில்லை என்றால் மட்டும் ஆம்ப் வாங்கலாம். ஹெட்போனில் மிச்சம் பிடித்து ஆம்புக்குக் கொட்ட வேண்டாம்.

படி 6: சத்தத்தைச் சமப்படுத்திக் கேளுங்கள்

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் 'தெளிவாக' இருப்பது போலத் தோன்றும். அதனால் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இலவச டெசிபல் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சீரான இரைச்சல்) ஓடவிட்டு, ஹெட்போன் மெத்தையைப் போன் மைக்கின் மேல் ஒரே மாதிரி வைத்து இரண்டையும் சமன் செய்யலாம். துல்லியமாக இராது, காதை நம்பிச் செய்வதைவிட நிச்சயம் மேல்.

அப்புறம் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பாட்டு முடியும்போது வால்யூமைக் குறைக்கத் தோன்றினால் டிரெபிள் உங்களுக்கு ஒத்துவரவில்லை. கூட்டத் தோன்றினால், பெரும்பாலும் ஏதோ ஒன்று மறைந்து கிடக்கிறது, அதைத் தேடுகிறீர்கள்.

சத்த அளவைப் பற்றி: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. காது போனால் திரும்ப வராது, தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

படி 7: கடைசியாக ஈக்யூ

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் இரண்டும் வேலைக்கு ஆகும். டிடி 990க்கு 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 5 டெசிபல் குறையுங்கள், குறுகலான அலைவரிசையாக. எச்டி 600க்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் கூட்டினால் டபுள் கிக்குக்கு உடம்பு வரும். எச்இ400எஸ்இக்கு 2 கிலோஹெர்ட்ஸில் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் பாடகி முன்னே வருவார். இவை தொடக்கம்தான். அரை டெசிபல், ஒரு டெசிபலாக நகர்த்தி உங்கள் காதுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எதையாவது கூட்டினால், கூட்டிய அளவுக்கு ப்ரீஆம்பை (ஈக்யூ ஆப்பில் மொத்த ஒலி அளவை மாற்றும் இடத்தை) குறைக்க மறக்க வேண்டாம். 4 டெசிபல் ஏற்றினால் ப்ரீஆம்ப் மைனஸ் 4. மெட்டல் பதிவுகளின் உச்சம் ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் அலையின் முனை வெட்டுப்பட்டு, சேர்ந்திசை உச்சத்துக்கு வரும் சரியான இடத்தில் கரகரப்பு கிளம்பும். அதை ஹெட்போனின் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதற்கு முன் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.