எழுத்து மையத்துக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நாளைக் காலையில் சமர்ப்பிக்கணும், கொஞ்சம் திருத்திக் கொடுங்க.” மாணவர்கள் தாங்கள் எழுதும் கட்டுரையைப் பற்றிப் பேசி உதவி பெறும் பல்கலைக்கழக எழுத்து மையங்களில் அடிக்கடி காதில் விழும் கோரிக்கை இது. இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன.

முதலில் “திருத்திக் கொடுங்க” என்பதைப் பார்ப்போம். எழுத்து மையம் பிழை திருத்தித் தரும் கடை இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கும் டியூட்டர் பெரும்பாலும் இன்னொரு மாணவர்தான், பயிற்சி பெற்றவர். உங்கள் கட்டுரையைப் பற்றி உங்களையே பேசவைப்பது அவர் வேலை. மையத்தின் பணி நல்ல கட்டுரையைவிட நல்ல எழுத்தாளரை உருவாக்குவது என்று அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் நார்த் 1984இல் வாதிட்டார். இன்றும் டியூட்டர் பயிற்சிகளில் இந்தக் கருத்து அடிபடுகிறது. பேனா உங்கள் கையிலேயே இருப்பதற்கு இதுதான் காரணம். சிலருக்கு இது எரிச்சலூட்டும். “பதில் தெரிந்தும் சொல்லாமல் கேள்வியாகக் கேட்கிறாரே” என்று தோன்றும். அந்த எரிச்சலில் ஓரளவு நியாயமும் உண்டு. வேற்று மொழியில் எழுதும் மாணவரிடம் இலக்கண விதியை நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. ஆனால் வாதத்தை உங்களுக்காக அவர் யோசித்துத் தந்தால், அது உங்கள் கட்டுரையாக இருக்காது.

அடுத்தது “நாளைக் காலையில்”. ஒரு சந்திப்பு பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம். அதில் பேசி முடித்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கும். ஓர் உதாரணம்: சமூக ஊடகம் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது கட்டுரையின் வாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே வரியில் “இது என்ன சொல்கிறது” என்று எழுதச் சொல்கிறார் டியூட்டர். முதல் பத்தி, அறிமுகம். இரண்டாவது, சமூக ஊடகத்தின் வரலாறு. மூன்றாவது, அதே வரலாறு, வேறு வார்த்தைகளில். நான்காவதில்தான் தூக்கம் எட்டிப்பார்க்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். சரிசெய்ய இரண்டு நாள் வேண்டும். கெடு நாளை என்றால், மாணவர் இரண்டு கமாவை மாற்றிவிட்டுக் கிளம்புவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

அதனால் அரைகுறை டிராஃப்ட்டோடு, ஏன், வெறும் குறிப்புகளோடு போனாலும் தப்பில்லை. முழுசாக எழுதி முடித்த பிறகே போக வேண்டும் என்று காத்திருப்பதுதான் தவறு. முடித்த கட்டுரையில் ஒரு பத்தியை வெட்ட யாருக்கும் மனசு வராது.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். பேராசிரியர் கொடுத்த கேள்வித்தாள், மதிப்பெண் அளவுகோல், முந்தைய கட்டுரைக்கு வந்த கருத்துகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். “ஒப்பிட்டு மதிப்பிடுக” என்ற கேள்விக்கு இரண்டு சுருக்கங்களை அடுத்தடுத்து எழுதி வைத்திருப்பது சகஜம். கேள்வி கையில் இல்லையென்றால், டியூட்டருக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம், “எல்லாத்தையும் பாருங்க” என்று நீட்டாமல், “இரண்டாம் பத்தியிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் இடம் இடிக்கிறது” என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள்.

மேற்கோள் பட்டியலில் புள்ளி எங்கே, கமா எங்கே என்பதற்காகச் சந்திப்பு நேரத்தைச் செலவழிப்பதும் வீண். 1994இல் தொடங்கிய பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எழுத்து ஆய்வகத்தில் ஏபிஏ, எம்எல்ஏ என்ற மேற்கோள் காட்டும் முறைகள் எல்லாம் விளக்கமாகக் கிடைக்கின்றன, யாரும் படிக்கலாம். மையத்துக்குக் கொண்டுபோக வேண்டியது வேறு மாதிரிச் சந்தேகம்: இந்த மேற்கோள் என் வாதத்துக்கு உதவுகிறதா, வெறும் அலங்காரமா?

டியூட்டர் “ஒரு பத்தியைச் சத்தமாகப் படிங்க” என்று சொன்னால் கூச்சப்படாதீர்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கும். நாக்கு தானாக வேறு சொல்லைப் போடும் இடத்தில் எழுதிய சொல் பொருந்தாமல் இருக்கும். கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும்.

ஆசிரியர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு: மோசமாக எழுதியவர்களுக்குத் தண்டனை மாதிரி மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது. வேண்டாவெறுப்பாக வருபவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற மாணவர்களுக்கோ அது பலவீனமானவர்கள் போகும் இடம் என்று பட்டுவிடும். ஆய்வேடு எழுதுபவர்களுக்கும் பல மையங்களில் இடம் உண்டு என்பதை வகுப்பில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாலே போதும்.

சந்திப்பு முடிவில் நன்றி சொல்லிவிட்டு உடனே எழுந்துவிடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள்: “இரண்டும் மூன்றும் ஒரே பத்தி. தூக்கத்தை முன்னே கொண்டுவா.” அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறக்கும்போது பேசியதில் பாதி மறந்திருக்கும்.